தட்டைப் பக்கம்

"தடியின்ட முதுகுப் பக்கம் வேணாம் மகள். உடம்பத் திருப்பு. தட்டைப் பக்கத்தால அடி."

பழுகாமத்து நெல் ஆலையின் காயவைக்கும் தளத்தில், பழைய ஹொக்கித் தடியோடு சுதாகரன் குனிந்து நின்றான்.

மாரி காலம். தளத்தில் நெல் இல்லை. மழை விட்ட ஈரத்தில் சீமெந்து பளபளத்தது. பந்துக்குப் பதிலாக டயரை வெட்டி அவன் செய்திருந்த வட்டு அதில் வழுக்கிக்கொண்டு போனது.

ஐஸும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான். ஐஸை அவன் மீன்பெட்டிக்குள் மட்டுமே பார்த்திருந்தான்.

எதிரே தவிட்டு மூட்டையில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள், கனடாவில், அவனுடைய மகள் விதுர்ஷா நின்றாள். கால்களில் தடித்த கவசம். முகத்தில் கம்பிக் கூடு. இங்கே ஞாயிறு பின்னேரம், அங்கே காலை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஐஸ் ஹொக்கி மட்ச். கோல் கீப்பர் அவள்தான்.

"கோலுக்குப் பின்னால வட்டு வருகுது. நீ என்ன செய்வாய்?"

"வெளிய வந்து நிப்பாட்டுவன் அப்பா. நடுவால அனுப்ப மாட்டன். சுவரோரமா அனுப்புவன்."

"எந்தப் பக்கத்தால?"

"தட்டைப் பக்கத்தால."

ஆலைக் காவலாளி கந்தப்போடி பிளேன்டீயை உறிஞ்சியபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா சுதா, கனடாவுல ஆள் கிடைக்காமலா உன்னப் புடிச்சிருக்காங்க?"

"மட்டக்களப்பு மாவட்டத்துக்கு கோல் காத்தவன் அண்ணே நான். சும்மா ஆளில்ல."

கம்பிக்குப் பின்னால் விதுர்ஷா சிரித்தாள்.

அவன் விளையாடியது புல்லில். அங்கே தடியின் முதுகு பந்தில் பட்டாலே பிழை. நடுவர் விசில் ஊதிவிடுவார். விளையாட்டை விட்டு இத்தனை வருடம் கழித்தும் அவனுடைய மணிக்கட்டு அதை மறக்கவில்லை.

மனைவி பிரஷாந்தியும் மகளும் முதலில் போவது, அவன் பின்னால் போவது என்றுதான் பேச்சு இருந்தது. அவனுடைய விசா மட்டும் ஒவ்வொரு முறையும் மறுக்கப்பட்டது. பிரஷாந்தியின் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. மகளிடம், "சாப்பிட்டியா?" என்பான். "ஓம்." "படிக்கிறியா?" "ஓம்." அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் அவள் கோல் கீப்பராகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். அன்றைக்குத்தான் மகள் அவனுக்குத் திரும்பக் கிடைத்தாள்.

இதுவும் போனால் மறுபடியும் "சாப்பிட்டியா" மட்டும்தான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"நேரமாகிட்டு அப்பா. போயிட்டு வாறன்."

"நடுவால அனுப்பிராத, என்ன?"

அவள் கையை உயர்த்தினாள். படம் அப்படியே உறைந்து நின்றது. மழைக்குச் சிக்னல் எப்போதும் இப்படித்தான்.

வழக்கமாக அவன் உடனே அழைப்பை நிறுத்திவிடுவான். இன்றைக்குக் கை ஈரம். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, உயர்த்திய கையோடு நின்ற மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் மறுபடியும் அசைந்தது.

விதுர்ஷா முகக் கூட்டைக் கழற்றியிருந்தாள். போன் நின்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து கால் கவசத்தின் பட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அதற்குள்ளே இரவு போட்டுப் படுத்த உடுப்பு. கவசங்களைப் பெரிய பையில் திணித்து, வோஷிங் மெஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

பிரஷாந்தியின் குரல் மட்டும் கேட்டது.

"எத்தின நாளைக்கு மகள் இப்பிடிக் கட்டிக் கட்டிக் கழட்டப் போறாய்? டீம விட்டு ஒரு வருஷமாகுது எண்டு அவருக்குச் சொல்லன்."

விதுர்ஷா மறுபடியும் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"ஐஸ் ஹொக்கியில தடியின்ட ரெண்டு பக்கத்தாலயும் அடிக்கலாம் எண்டு கோச்சும் சொன்னார், நானும் சொன்னன். அப்பா சொன்ன மாதிரித்தான் அடிப்பன் எண்டு திரும்பித் திரும்பி நிண்டாய். நீ திரும்புறதுக்குள்ள அவங்க கோல் போட்டாங்க. கடைசியில விளையாட விடாம உன்ன வாங்குல இருத்திட்டாங்க. அதையாவது சொல்லன்."

"சொன்னா, பிறகு அப்பாக்கு என்னோட கதைக்க என்னம்மா இருக்கு?"

சுதாகரன் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். சத்தம் அங்கே கேட்டுவிடும் என்பது போல, மெதுவாக.

"மகள் போயிட்டாவா?" என்றார் கந்தப்போடி.

"ஓம் அண்ணே. மட்ச்சுக்குப் போயிட்டா."

இருட்டிய பிறகும் அவன் தளத்தின் ஓரத்திலேயே இருந்தான். தூறல் தொடங்கியது. எழும்பவில்லை.

போன் ஒளிர்ந்தது. ஒவ்வொரு ஞாயிறும் வரும் வெற்றிச் செய்திதான்.

*வெண்டிட்டம் அப்பா.*

திரையில் விழுந்த தூறலைப் பெருவிரலால் துடைத்தான். எழுதினான், அழித்தான். கடைசியில், *எத்தனைக்கு எத்தனை மகள்?* என்று அனுப்பினான்.

அவள் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. மறுபடியும் நின்றது.

அவள் யோசிக்கட்டும் என்று அவன் காத்திருந்தான்.