ஒரு குமிழி

ஒன்பதாவது மாடி. ஜன்னல் வழியாக வெளிச் சிலாப்பில் இறங்கி, ஏசி பைப் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தான் மெக்கானிக் ஞானதுரை. ஒரு குமிழிகூட வரவில்லை, கேஸ் கசியவில்லை. வேலை சுத்தம்.

அவன் போய்விட்டான் என்று நினைத்த வீட்டுக்காரி தமயந்தியக்கா, "குளுரெல்லாம் வெளிய போவுதே!" என்று ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அக்கா, நான் இங்க இருக்கேன்!"

மூன்று நாளாகப் புழுக்கத்தில் தூங்காதவள், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தட்டினான். போர்வை அசையவில்லை. போன் ஹாலில், பையில். ஏசியின் வெளி மெஷின் முகத்தில் அனலை ஊதியது. பைப் நுழையும் ஓட்டையில் வாய்வைத்துக் கூப்பிடலாமென்றால், அதைக் காலையில் அவனே அடைத்துப் பூசியிருந்தான். "ஊசி நுழையக் கூடாது தம்பி" என்று அக்கா சொன்னதால் ஜன்னல் இடுக்கெல்லாம் ரப்பரும் ஒட்டியிருந்தான்.

மிச்ச நுரையை ஜன்னல் விளிம்பு நெடுகத் தடவிவிட்டு, ஒரு குமிழியாவது வராதா என்று பார்த்துக்கொண்டே நின்றான்.