முந்திக்கொண்ட பூக்கள்

"புடுங்கு பிள்ளை! வேரோடை புடுங்கி எறி!"

"ஆர் நட்டதெண்டு தெரியாமல் எப்பிடியம்மா புடுங்கிறது?" என்று மகள் சோஃபி தயங்கினாள்.

சவிரிமுத்துவின் கல்லறையில் ஊதா நிறப் பான்சிப் பூக்கள் வரிசையாகப் பூத்திருந்தன. முந்தைய இரவு பெய்த பனி இதழ்களில் இன்னும் கரையவில்லை. அதற்கெல்லாம் அசருகிற பூ இல்லை அது. ஒஸ்லோவின் ஏப்ரல் குளிரில் நம்பி மண்ணில் வைக்கக்கூடிய பூ.

தாய் மரியரஞ்சனியின் கையிலும் ஒரு தட்டு நிறையப் பான்சிக் கன்றுகள். கணவர் சவிரிமுத்து போன பிறகு வரும் முதல் வசந்தம் இது. கல்லறையில் முதல் பூ தன் கையால் நட்டதாக இருக்க வேண்டும் என்று ஜனவரியிலேயே விதை போட்டாள். ட்வெய்ட்டா பகுதியில் இருக்கும் வீட்டுக் குசினி ஜன்னலில் விளக்கு வெளிச்சம் காட்டி வளர்த்தாள். பிறகு பகலில் பல்கனியிலும் இரவில் உள்ளேயுமாக வைத்து, மெல்ல மெல்லக் குளிருக்குப் பழக்கினாள். இவ்வளவும் செய்து கொண்டுவந்தால், யாரோ முந்திவிட்டார்கள்.

நோர்வேக்காரர் இந்தப் பூவுக்கு வைத்திருக்கும் பெயர் மாற்றாந்தாய்ப் பூ. அந்தப் பெயர் வேறு அவள் வயிற்றெரிச்சலைக் கூட்டியது.

"இது அந்தப் பேர்கன்காரியின்ரை வேலைதான்."

"எந்தப் பேர்கன்காரி?"

"நானும் நீயும் ஊரிலை கிடந்த ஏழு வருசமும் கொப்பர் பேர்கன் நகரத்திலை தனியத்தானே இருந்தவர். ஒருத்தி சமைச்சுக் குடுக்கிறவளெண்டு அப்பவே சனம் கதைச்சது. நான்தான் நம்பேல்லை."

"செத்த மனுசனிலை போய்ச் சந்தேகப்படுறியளே அம்மா! அப்பா அப்பிடிப்பட்டவரே?"

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து எனக்கொரு பூ வாங்கித் தந்த மனுசனில்லை. அவருக்கு ஆர் இப்பிடிப் பாத்துப் பாத்து நடுறது? நான் இனி இஞ்சை வந்து மெழுகுதிரி கொளுத்திறதோ இல்லையோ எண்டு இண்டைக்குத் தெரிஞ்சாகவேணும்."

இத்தனை வருடம் நம்பிக் குடும்பம் நடத்தியது பொய்யாகிவிடுமோ என்ற பயம்தான் அவளிடம் கோபமாக வந்துகொண்டிருந்தது.

சேமக்காலையின் மறுகோடியிலிருந்து ஒரு நோர்வேப் பெண் தள்ளுவண்டியோடு வந்தாள். கல்லறைகளைப் பராமரிக்கும் தோட்டக்காரி.

"அவவைக் கேள். நட்ட ஆளைக் கண்டிருப்பா."

சோஃபி போய்க் கேட்டாள். மரியரஞ்சனியின் நோர்வே மொழி கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், இந்த வேகத்துக்குப் போதாது. தோட்டக்காரி கல்லறையைக் காட்டினாள். பிறகு மரியரஞ்சனியைக் காட்டி ஏதோ கேட்டாள். சோஃபியின் முகம் மாறியது.

"என்னவாம்? பொம்பிளைதானே?"

"ஓம், பொம்பிளைதான். இவதான் நட்டவ."

"இவவோ? இவவுக்கும் அவருக்கும் என்ன?"

"ஒண்டுமில்லை. இஞ்சை அது வழக்கமாம். காசு கட்டினால் ஒவ்வொரு வசந்தத்துக்கும் இவையே நட்டு விடுவினமாம்."

"கட்டினது ஆர்? அதைக் கேளன்!"

"கேட்டிட்டன்." சோஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாதான். போன கோடை, டொக்டர் கையை விரிச்ச பிறகு, தடியை ஊண்டிக்கொண்டு தனிய வந்தவராம். மனுசிக்கு முழங்கால் ஏலாது, நிலத்திலை குந்தி இருந்து நட்டுக் கஷ்டப்படக்கூடாது எண்டு சொன்னவராம்."

மரியரஞ்சனி கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இன்னும் இருக்கம்மா. பக்கத்திலை உங்களுக்கெண்டு விட்டிருக்கிற இடத்துக்கும் அப்பவே சேர்த்துக் காசு கட்டிச் சொல்லிப்போட்டாராம். தனக்கு எந்த நிறமெண்டாலும் பரவாயில்லையாம். உங்களுக்கு மட்டும் மஞ்சள்தான் நடவேணுமாம்."

மரியரஞ்சனி வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலும் கோபமாகவே கேட்டாள்:

"எனக்கு மஞ்சள் பிடிக்குமெண்டு அந்த மனுசனுக்கு ஆர் சொன்னது?"