நாலாம் நம்பர் காட்டுப் பேய்

“மொதல்ல இவளை வேலையை விட்டுத் தூக்குங்க சார். இல்லன்னா நான் ஆபீஸுக்கே போயிருவேன்!”

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த சாந்தம்மாள், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கத்தினாள். அவள் மகள் ஆர்த்தி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

சூப்பர்வைசர் செல்லத்துரை, எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகமான கிரச்சின் தரையில் கிடந்த அட்டையைக் கையில் எடுத்தார். குமுளியிலிருந்து வந்த ஏதோ ஏலக்காய்ப் பெட்டியைக் கிழித்துச் செய்த விளையாட்டு. எஸ்டேட் பாதைகளெல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் வரைந்திருந்தது. தாயக்கட்டையை உருட்டி, காய் நிற்கிற கட்டத்தை வைத்துப் பேய்க்கதையை ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

“ஏம்மா சிவசங்கரி, ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்களுக்கு நீதான் இதைச் சொல்லிக் குடுத்தியா?”

“ஆமா சார்,” என்றாள் கிரச்சில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிவசங்கரி.

“புருஷன் செத்து வருஷம் திரும்பல, இவளுக்குப் பேய் விளையாட்டு கேக்குது!” சாந்தம்மாளுக்கு மூச்சு வாங்கியது. “யாரு உருட்டினாலும் சரி, நாலாம் நம்பர் காட்டுக் குறுக்குப் பாதையில காலை வச்சா பேய் வந்துருமாம். கம்பளியப் போத்திக்கிட்டு, ஒத்தக் கால்ல மட்டும் பூட்ஸு மாட்டிக்கிட்டு டொக்கு டொக்குன்னு... எம் மக இப்ப அந்தப் பக்கமே வர மாட்டேங்குறா சார். ரோட்டைச் சுத்தி வர்றா. அவ வந்து கொடத்தை வைக்கிறதுக்குள்ள கொழாயில தண்ணி நின்னு போயிருது!”

கடைசியாகச் சொன்னதுதான் முதல் கோபம் என்று செல்லத்துரைக்குப் புரிந்தது. இருந்தாலும் பிள்ளைகளைப் பயமுறுத்துவது தப்புதானே?

“உன் நெலமையப் பாத்து நான்தானேம்மா இந்த வேலைக்கு எழுதிக் குடுத்தேன்? நீ இப்படிப் பண்ணலாமா?”

அட்டையைக் கிழிக்கப் போனார்.

“கிழிக்காதீங்க சார்! வேலைய வேணா எடுத்துக்கங்க.” சிவசங்கரி எழுந்தே விட்டாள். “அந்தப் பாதையில யானை நிக்குது.”

“அதுக்குத்தான் போர்டு வச்சிருக்கோமே!”

“யாரு சார் போர்டைப் பாக்குறாங்க?”

சாந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். தினமும் அந்தப் போர்டைத் தாண்டித்தான் அவளும் குறுக்கே நடந்தாள்.

“பிள்ளைங்க அதுக்குச் சாமியாருன்னு பேரு வச்சிருக்குதுங்க. கிட்டப் போயி வீடியோ எடுக்குதுங்க. கேட்டா, சாமியாரு நம்ம ஆளு, ஒண்ணும் செய்யாதுங்குதுங்க. எங்க வீட்டுக்காரரும் இதையே சொல்லிட்டுத்தான சார் போனாரு? யானைன்னா கிட்டப் போறாங்க. பேயின்னாத்தான் திரும்பி ஓடுறாங்க. நான் வேற என்ன சார் செய்ய?”

செல்லத்துரை அட்டையை மறுபடி பார்த்தார். நாலாம் நம்பர் காட்டில் ஒரு பேய். கறுப்புக் கம்பளி. வலது காலில் மட்டும் பூட்ஸ்.

போன வருஷம் சிவசங்கரியின் கணவன் நல்லதம்பியின் உடலை அந்தப் பாதையிலிருந்து தூக்கி வந்த நாலு பேரில் அவரும் ஒருவர். எவ்வளவு தேடியும் இடது கால் பூட்ஸ் மட்டும் கிடைக்கவே இல்லை.

“சிவசங்கரி... இது...”

“அவரு இருந்திருந்தா அங்கன நின்னு பிள்ளைங்களத் திருப்பி விட்டிருப்பாரு சார். இப்பவும் அதத்தான் செய்றாரு.”

சாந்தம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்ற மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“தண்ணி கெடக்குது. நீ ரோட்டு வழியாவே வா தாயி. நல்லதம்பி மாமா சொன்னா கேக்கணும்.”