ஓர்வோ வீட்டு நெக்கி

"அந்த ஆளை நீ நிறுத்தலைன்னா, நாங்க வர்றதை நிறுத்திக்கிறோம் சைமி" என்றாள் ரீக்கா, இரண்டு பிள்ளைகளின் தாய்.

ஹெல்சிங்கி நகரத்தின் ஓரத்தில் கிடந்த அந்த நாணல் சதுப்பைக் குப்பை கொட்டும் இடமாகத்தான் சனம் பார்த்துவந்தது. ஞாயிறுதோறும் பிள்ளைகளை மரப்பாலத்தில் உட்காரவைத்து, தண்ணீருக்கடியில் குடியிருக்கும் நெக்கிப் பேயின் கதையைச் சைமி சொல்லச் சொல்லத்தான் நாலு பேர் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ரீக்கா போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள்.

கதை முடிந்ததும் பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைப்பார்கள். அதற்குமுன் அந்தக் காலத்து வழக்கப்படி, "நெக்கி கரைக்கு, நான் தண்ணிக்கு" என்று சொல்ல வேண்டும்; நெக்கி கரையேறிவிட்டால் தண்ணீரில் யாரையும் இழுக்காது. கரையேறியதும் அதையே மாற்றிச் சொல்லி, நெக்கியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

அந்த இரண்டாவதைச் சொல்லத்தான் ரீக்கா சொன்ன அந்த ஆள், ஓர்வோ, விடுவதில்லை. தனியாக வந்து ஓரமாக நிற்கிற மனிதர், சரியாக அந்த நேரத்தில் கையை நீட்டி, சொல்லாதீங்க, அது கரையிலேயே இருக்கட்டும் என்பார். நெக்கி பின்னாலேயே வந்துவிட்டதென்று ரீக்காவின் சின்னவள் கக்கூசுக்குக்கூடத் தனியாகப் போவதில்லையாம்.

அன்றும் அவர் கையை நீட்டினார். சைமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, பிள்ளைங்களைப் பயமுறுத்துறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?"

"அவங்க வீட்டுக்கு அது போகாதும்மா. நான்தான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனே."

"எதுக்கு?"

ஓர்வோ நாணலையே பார்த்தார்.

"தண்ணிக்கு அனுப்பினா இன்னொரு பிள்ளைய இழுக்கும். எப்படியோ நழுவி இங்கயே வந்துடுது, அதான் வாராவாரம் வர்றேன்." தண்ணீரைக் கைகாட்டினார். "என் பொண்ணு ஐனி இங்கதான் போனா. அவ கையைக் கடைசியாப் பிடிச்சது அதுதானே. எதிர்ல உக்காரவெச்சு அவளைப் பத்திக் கேட்டுட்டே இருப்பேன். இன்னும் வாயைத் திறக்கலை."

சைமிக்குப் பின்னால் நின்ற ரீக்கா பையைத் திறந்தாள். பிள்ளைகளுக்கென்று சுட்டு எடுத்துவந்த ஏலக்காய் ரொட்டியில் இரண்டைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் வைத்தாள்.

"ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு அதுக்கு. வெறும் வயித்தோட யாருதான் பேசுவாங்க?"