காற்று நின்ற காலை

சூசை கடலுக்குப் போன பதினேழாம் நாள் காலையில் காற்றே இல்லை. இருபது மைல் தாண்டினால் கேட்காத அவனுடைய குரல், இருநூறு மைலுக்கு அப்பாலிருந்து கரையின் வயர்லெஸ் அறைக்கு வந்தது. அங்கு வேலை பார்க்கும் அருளப்பன் ஆளனுப்பினார். சூசையின் மனைவி ஜெனிட்டா, பிறந்து ஆறு நாளான குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“இவ்வளவு தூரம் எப்படி அண்ணே கேக்குது?”

“கடலுக்கு மேல சூடான காத்து மூடி போட்டமாதிரி நிக்குதும்மா. வயர்லெஸ் அலை மேல போக வழியில்லாம அடியிலேயே வருது. காத்து அடிச்சா கலைஞ்சிரும். சட்டுனு பேசு.”

அவள் மைக்கின் பொத்தானை அழுத்தி, “பொம்பளப் பிள்ள” என்றாள். விட்டதும், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் சூசை கேட்டான்: “அழுவாளா? அவ சத்தம் கேக்கணும்.”

மறுபடி அழுத்தி, மைக்கைக் குழந்தையின் வாயருகே பிடித்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. மூச்சு மட்டும் மெல்ல வந்துபோனது. சுவரில் காலண்டர் தாள்கள் காற்றில் அசையத் தொடங்கின.

“விடும்மா. நீ விட்டாத்தான் அவன் பேசுறது கேக்கும்” என்றார் அருளப்பன்.

ஜெனிட்டா அசையும் தாள்களைப் பார்த்தபடி பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.