வெறும் விரல்

பாத்திரக்கடை செல்வக்கனியின் கழுத்தில் தொங்கிய துணிப்பைக்குள், சுகர் கிளைடர் என்ற, அணில் அளவே இருந்த வெளிநாட்டு வளர்ப்புப் பிராணி சுருண்டு கிடந்தது. உடம்பு வாசம் பழகினால்தான் ஒட்டும் என்று எட்டு நாளாகச் சுமக்கிறாள். எட்டு நாளும் கடித்துவிட்டது. விரலெல்லாம் பிளாஸ்திரி. புருஷன் ஆள் அனுப்ப, அதை விற்றவனே கூண்டோடு வந்து நின்றான்.

“குடுத்திருங்கக்கா, பதிலுக்கு ரெண்டு கிளி தாரேன். நல்லாப் பேசும்.”

“பேசத்தான் எங்க வீட்டுல இவுக இருக்காகளே.” பக்கத்தில் நின்ற புருஷனைக் காட்டினாள்.

“இது ஒட்டாதுக்கா. பிறவிக் குணம்.”

“எனக்கும் பிறவிக் குணந்தான். எடுத்த சரக்கத் திருப்ப மாட்டேன்.”

புருஷன் பையைப் பிடுங்கக் கை நீட்டினான். அவள் பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்து, வெறும் விரலை உள்ளே விட்டாள். கரகரவென்று சீறல் கேட்டது, பிறகு நின்றது. விரலில் ஈரம் பட்டது. நாக்கா ரத்தமா என்று பார்க்க அவள் விரலை வெளியே எடுக்கவில்லை.