நெற்றியில் பச்சை

பின்னக் கணக்கு மூளையில் பதிந்துவிட்டால், பள்ளியில் மாட்டிவிட்ட நெற்றிப்பட்டை பச்சையாக ஒளிரும். அதுவரை சிவப்புதான்.

தாரிணிக்குப் பல வாரமாய்ச் சிவப்பு. இரவில் அம்மா, அண்ணன், அவள் மூவருக்கும் சேர்த்து ஒரே முட்டைத் தோசை. "மூணுல ஒண்ணு வேணாம், நாலுல ஒண்ணுதான் வேணும்" என்று தினமும் அடம்பிடிப்பாள். அம்மா மேகலா அவளைத் திருத்தியதில்லை. மிச்சத்தில் அண்ணனின் பசி கொஞ்சம் அடங்கும்.

இன்று பட்டை பச்சையாகிவிட்டதாகப் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. மேகலா தோசையை மூன்று சமபங்காக வெட்டப் போனாள்.

தாரிணி அவசரமாக நெற்றியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எனக்கு நாலுல ஒண்ணுதாம்மா வேணும். நாலுதானே பெருசு?"

அவள் விரலிடுக்கில் பச்சை வெளிச்சம் கசிந்தது.